லிஸ்ட் அடித்துத் தந்த அக்கா

எங்கள் கால்பந்து டீமின் லிஸ்ட்டில் அந்த அக்காவின் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் நான் செயலாளராக இருந்த பதினோரு வருடத்தில் அவர் அடித்துத் தராமல் ஒரு லிஸ்ட்டும் வெளியே போனதில்லை. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.

செயலாளர் என்றால் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடலூர் முதுநகரில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிற ஆள் நான். வேன் பேசுவது, தண்ணீர் கேன் தூக்குவது, டோர்னமென்ட்டுக்கு ஆட்டக்காரர்கள் லிஸ்ட் கொடுப்பது, தோற்றால் ஊர் முழுக்கத் திட்டு வாங்குவது, இவைதான் என் வேலைகள். இதில் லிஸ்ட் கொடுப்பதுதான் கஷ்டம். அதற்கு அக்காவின் கடைக்குப் போக வேண்டும்.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடும் சின்னப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். அந்த பெஞ்சில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள்தான் அடைத்துக்கொண்டு கிடப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிற பாஷா பாய், ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர்கள், கேப்டனின் சித்தப்பா என்று ஒரு சட்டசபையே நடக்கும். யாரை ஃபார்வர்டில் இறக்குவது, யாருக்கு ஸ்பீடு போய்விட்டது, கோல் கீப்பரை மாற்றலாமா என்று வாய் ஓயாது. பாஷா பாய்க்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும். எந்த ஆட்டத்துக்கும், "ஸ்பீடு ஜாஸ்தி வேணும் மாமா" என்பார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் புடவையோடு நேரே கிரவுண்டுக்கு வந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கத்த மாட்டார், கை தட்ட மாட்டார். "ஆஃப்சைடெல்லாம் எனக்கு இன்னும் சரியா புரியல தம்பி. ஆளுங்கள புரியுது" என்பார். அவருக்கு எங்கள் டீமில் தம்பியோ மகனோ கிடையாது. ஏன் வந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. வெயிலில் வந்து உட்காருகிறவரிடம் போய் ஏன் என்று கேட்பது மரியாதையாகவும் படவில்லை.

லிஸ்ட் அடிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. போன டோர்னமென்ட் லிஸ்ட்டின் நகலை ஃபைலில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நான் பெயர்களை வாசிக்க வாசிக்க அடித்துக்கொண்டே, பழைய லிஸ்ட்டில் அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போடுவார். முடிந்ததும் டிக் விழாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் இரண்டு கைகளையும் கீபோர்டில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பெஞ்சில் பேச்சு நின்றுவிடும்.

"இவன் ஏன் இல்ல?"

காரணம் சொன்னால்தான் கை மேலே வரும். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தடவை கேப்டன் பொறுக்க முடியாமல், "அவன் மூஞ்சியே எனக்குப் புடிக்கலக்கா" என்றான். அக்கா உடனே, "சரி. இதை அவங்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றான். "போய் சொல்லிட்டு வா, அடிச்சுத் தரேன்" என்றார். கேப்டன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டையில் ஒரு பட்டன் இல்லாமல் வந்தான். லிஸ்ட் கிடைத்தது. மூஞ்சி பிடிக்காதவனும் கேப்டனும் அடுத்த மாதமே ஒரே வண்டியில் சுற்றினார்கள்.

எல்லாம் இப்படிச் சுபமாக முடிந்ததாகச் சொன்னால் பொய். காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையன், நடுக்களத்தில், ஹாஃப்பில் நன்றாக ஆடுவான். அவனை லிஸ்ட்டில் இருந்து எடுத்தபோது காரணத்தை அவனிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அவனே கடைக்கு வந்து கேட்டான். அக்கா பெஞ்ச் நிறைய ஆள் இருக்கும்போதே, "பந்து வேகமா வந்தா கண்ண மூடிக்கிறியாம்ப்பா. பயப்படறன்னு எடுத்திருக்காங்க" என்றார். அவன் அதற்குப் பிறகு கிரவுண்டுப் பக்கமே வரவில்லை. நான் அன்றைக்கு அக்காவோடு சண்டை போட்டேன். "நீ சொல்லாததத்தான் நான் சொன்னேன்" என்றார். அவர் செய்தது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவருடைய இந்தப் பிடிவாதத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெயர் மாட்டிக்கொண்டிருந்தது. தேவா. எங்கள் லெஃப்ட் விங். அவன் பந்தோடு ஓட ஆரம்பித்தால் கிரவுண்டைச் சுற்றி நிற்கிற மொத்தக் கூட்டமும் கூடவே நகரும். ஒரு வருடம் எங்களுக்கு ஜெர்சி எடுத்துத் தந்தவரின் மைத்துனனுக்கு லெஃப்ட் விங்கில் ஆட ஆசை வந்துவிட்டது. தேவாவை எடுத்தோம். நான்தான் எடுத்தேன். அக்கா கேட்டபோது, "கால்ல அடிபட்டிருக்குக்கா, அவனே சொல்லிட்டான்" என்று புளுகினேன். நம்பி அடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் தேவா பையும் பூட்ஸுமாக வேனில் ஏற வந்தான். வேனில் இடம் இல்லை. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

தேவா நேராக அக்கா கடைக்குப் போய், "ஏங்க்கா எடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறான். கால் நன்றாக இருக்கிற ஆளை நேரில் பார்த்த பிறகு அவரால் என்ன சொல்ல முடியும்? "தெரியலப்பா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. வடலூர் ரோட்டில் லாரி மோதி தேவா செத்துப் போனான்.

ஊரே அழுதது. நானும் அழுதேன், நடிப்பு இல்லை. அவனுடைய பதினோராம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வருடமும் நினைவு நாளுக்குப் பத்தடி பேனர், எந்த ஊரில் ஃபைனல் ஆடினாலும் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம். பேனருக்கு டிசைன் செய்து தந்தது அக்காதான். முதல் வருடம் வாசகத்தை நான் சொல்லச் சொல்ல அடித்தார். 'எங்கள் அணியின் இடது கரமே' என்றேன். கைகள் மடிக்குப் போய்விட்டன.

"அந்தக் கரத்த எதுக்கு எடுத்தீங்கன்னு எனக்கு இன்னும் யாரும் சொல்லலியே தம்பி."

"அப்ப இருந்த கேப்டன் முடிவுக்கா" என்றேன். அவர் கைகளை மேலே எடுத்து அடித்துக் கொடுத்தார். அதன்பின் வருடா வருடம் பேனர் அடிக்கும்போது ஒரு தடவை கேட்பார். நான் அதே பதிலைச் சொல்வேன்.

இப்போது சவரிக்கு வருகிறேன்.

சவரி எங்கள் ஸ்டாப்பர். பதினைந்து வருடமாக டிஃபென்ஸின் நடுவில் நின்றவன். எனக்குத் தங்கை முறை ஆகிற லூர்துவைக் கட்டியவன், அதனால் நாங்கள் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முப்பத்தாறு வயதில் அவனுக்கு வலது மூட்டு போய்விட்டது. ஆறு மாதமாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி ஓடும்போது அரை நொடி தாமதம். சிதம்பரம் டோர்னமென்ட்டில் செமி ஃபைனலில் அவனைத் தாண்டி இரண்டு தடவை ஆள் போனான். கீப்பர் புண்ணியத்தில் பிழைத்தோம். ஃபைனலுக்குப் புது லிஸ்ட் கொடுக்கலாம் என்றிருந்தார்கள். அதற்குக் காரைக்காலில் இருந்து ஒரு கெஸ்ட் பிளேயரைக் கூட்டி வருவது, சவரியை எடுப்பது என்று கேப்டனும் நானும் முடிவு செய்தோம்.

முடிவு சரிதான். அதைச் சவரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அக்காவிடம் போனால், சொல்லிவிட்டு வா என்பார். அதனால் மஞ்சக்குப்பத்தில் என்னை யாரென்றே தெரியாத ஒரு கடையில் லிஸ்ட்டை அடித்தேன். அங்கே இருந்தவன் எதையும் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் கையில் தாள் வந்தது. பெரிய நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சவரிக்குப் போன் போட்டேன். "மச்சான், கமிட்டியில ஒன் பேர ரிஜெக்ட் பண்ணிட்டாங்கடா. ஃபைனலுக்குன்னு மறுபடி பாத்தாங்களாம், ஆதார் ஜெராக்ஸ் தெளிவா இல்லியாம். மூஞ்சி கருப்பா விழுந்திருக்குன்றாங்க. நானும் எவ்ளவோ பேசிப் பாத்தேன்" என்றேன். அவன், "அட, இதுக்கா" என்று போனை வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த ஜெராக்ஸை எடுத்தது அக்கா கடையில்.

ஞாயிறு மதியம் சிதம்பரம் கிரவுண்டில் ஷாமியானா போட்டு, கமிட்டிக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் ஒருவர் இரண்டு டீமின் பெருமைகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஸ்ட்டில் மாற்றம் ஏதாவது இருந்தால் டீம்கள் கிரவுண்டில் இறங்குவதற்குள் சொல்ல வேண்டும் என்று அறிவித்தார்கள். நான் ஓரமாக நின்று பூட்ஸ் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கேட் வழியாகச் சவரி வந்தான். தோளில் கிட் பை. பக்கத்தில் லூர்து, நல்ல புடவை கட்டி, தலையில் பூவோடு. அவளை நான் கிரவுண்டில் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் பின்னால் அக்கா.

எண்ணிக்கொண்டிருந்த கணக்கு எனக்குத் தப்பிப்போனது.

சவரி பையில் இருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். அவனுடைய ஆதார் நகல். கலர் பிரிண்ட், லேமினேஷன் போட்டது. "நேத்தே அக்கா கடைக்குப் போயி எடுத்துட்டேன் மச்சான். மூணு காப்பி. இனிமே எவன் கருப்பா இருக்குன்னு சொல்றான்னு பாப்போம். வா, மேஜைக்குப் போலாம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஃபைனலாச்சேன்னு லூர்துவ கூட்டியாந்தேன். கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல நான் ஆடி இவ பாத்ததே இல்ல" என்றான்.

மேஜைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்க எங்கப்பா ரிஜெக்ட் பண்ணோம், உங்க செக்ரட்டரி குடுத்த லிஸ்ட்ல உன் பேரே இல்லியே என்பார்கள். மைக்குக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாதவர்கள் வாயால், பெண்டாட்டி முன்னால் அவன் அதைக் கேட்பான். "இரு மச்சான், நான் போயி மொதல்ல பேசிட்டு வரேன்" என்று அவன் தோளைப் பிடித்தேன். நான் மேஜைப் பக்கம் போகாமல் அவனையே மறித்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார்.

"சவரி, லூர்துவுக்கு எங்கயாச்சும் நெழல்ல எடம் பாரு. பையையும் அங்கயே வெச்சிட்டு வா" என்று அவர்களை அனுப்பினார். அவர்கள் பத்தடி தள்ளிப் போனதும் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"எம் மெஷின் மேல பழி போட்டது போவட்டும். எனக்கு அது ஒண்ணுமில்ல. நீயாவே அவன எடுத்துட்ட, அப்படித்தான?"

தலையாட்டினேன்.

"எதுக்கு?"

"மூட்டு போச்சுக்கா. ஓட முடியல."

"நல்ல காரணம்தான. இதச் சொல்றதுக்கா வேற கடைக்குப் போன?"

நான் கையிலிருந்த ஆதார் அட்டையைப் பார்த்தேன். "அவன் திரும்பி வந்ததும் சொல்லணும். நீ சொல்லலன்னா அவனே மேஜைக்குப் போவான். நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

சவரி வேகமாகத் திரும்பி வந்து என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கில் தேவாவின் பெயர் கேட்டது. மறைந்த ஆட்டக்காரருக்காக அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கிரவுண்டு முழுக்க எழுந்து நின்றது. எதிர் டீம் தலை குனிந்தது. நாங்கள் கட்டிய பேனரில் தேவா சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு இடது பக்கம் சவரி, கையில் ஆதாரை இடுக்கிக்கொண்டு கண்களை மூடி நின்றான். வலது பக்கம் அக்கா. அவர் கண்களை மூடவில்லை. ஒரு நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

விசில் ஊதினார்கள். சவரி மேஜையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

"தேவாவுக்கு ஒரு நிமிசம் நின்ன" என்றார் அக்கா, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "சவரிக்கு அர நிமிசம் போதும்."

ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன். "மச்சான், நில்லு. கமிட்டி ஒண்ணும் பண்ணல. நான்தான் ஒன் பேர எடுத்தேன். ஒனக்கு மூட்டு போயிடுச்சுடா. செமியில ரெண்டு வாட்டி ஆள விட்ட. ஆறு மாசமா பாக்கறேன், ஒன்னால திரும்ப முடியல. சொல்றதுக்குப் பயந்துகிட்டு ஜெராக்ஸ் மேல போட்டுட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தான்.

"முடிவு பண்ணது யாரு?"

"நானும் கேப்டனும். மொதல்ல சொன்னது நான்தான்."

"நேத்து சொல்லியிருந்தா இவள கூட்டியாந்திருக்க மாட்டேனேடா" என்றான். என் கையை விலக்கிவிட்டு லூர்து இருந்த பக்கம் போனான். நொண்டுவது அப்போது நன்றாகத் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் கோல் வாங்கினோம். காரைக்கால்காரன் நின்ற இடத்தில்தான் ஓட்டை. கடலூரில் இருந்து பஸ் ஏறி வந்த எங்கள் ஆட்களுக்கு வெறி பிடித்துவிட்டது. ஹாஃப் டைமில் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். பாஷா பாய்தான் முன்னால் நின்றார்.

"சவரி அங்க குந்திகினு இருக்கான். நீ எவனையோ எறக்கி வுட்டுருக்க. யாரக் கேட்டு எடுத்த? இன்னா காரணம், சொல்லு."

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். பின்னால் இருந்து இன்னொருவன் தள்ளினான். சவரியின் மூட்டு போய்விட்டது என்று இத்தனை பேர் நடுவில் நான் எப்படிச் சொல்வது? கூட்டத்துக்கு வெளியே அக்கா நின்றிருந்தார். அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். அக்கா வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவரி வந்தான். என் சட்டையைப் பிடித்திருந்தவனின் கையை விலக்கிவிட்டான்.

"பாய், எனக்கு மூட்டு போச்சு. ஓட முடியல" என்றான். சத்தமாகத்தான் சொன்னான், எல்லோருக்கும் கேட்டது. "நான் ஆடியிருந்தா இந்நேரம் மூணு வாங்கியிருப்பீங்க. செக்ரட்டரி எங்கிட்ட சொல்லிட்டுதான் எடுத்தாரு. போயி ஒக்காருங்க."

பாஷா பாய் அவன் மூட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். வேன் கிளம்பும்போது நான் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனேன். கடலூர் பஸ்ஸுக்கு அவர்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சவரி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தண்ணீர் வாங்கப் போய்விட்டான். அக்கா மறுபக்கம் திரும்பி பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். லூர்துதான் என் பக்கத்தில் வந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

"மாடிப்படி ஏற முடியலண்ணே அவரால" என்றாள். "தெனமும் எண்ணெ தேச்சு விடறேன். நான் சொன்னா, ஒனக்கு இன்னா தெரியும்னு கத்துறாரு. கிரவுண்டுல இருக்கறவங்க யாராச்சும் சொன்னாத்தான் கேப்பாரு. யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு ஆறு மாசமா கோயில்ல வேண்டிகிட்டிருந்தேண்ணே."